வயசாச்சு என்று கடந்துபோகும் நோய்

இராமநாதபுரம் மாவட்டத்தில் மனநோய் என்று சொன்னால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன, மாவட்ட மனநலத் திட்டம் வந்தது, பின்னாளில் அங்குள்ள தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க ‘தவா - துவா’ என்ற ஏற்பாடும் வந்தது. எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் மனநோய் என்றால் கத்துவது, ஓடுவது, கட்டிப்போட வேண்டியிருப்பது என்று நம் ஊரில் முன்பே இருந்த படத்தை அந்தத் தீ இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டது.

ஆறு மாதமாகத் திண்ணையை விட்டு இறங்காத எழுபது வயதுக்காரர் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. அவர் கத்துவதில்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை. வைத்த சோற்றில் பாதியை ஒதுக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். “வயசாச்சுல்ல, அப்படித்தான் இருப்பாக” என்று வீட்டார் சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். அவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம், அது மருந்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்படக்கூடியது என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

2017-18இல் நாடு முழுக்க நடந்த லாசி என்ற முதியோர் ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. 60 வயது தாண்டியவர்களில், தனக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்பட்டதைச் சொன்னவர்கள் 0.8 சதவீதம்தான். அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணக்கிட்டபோது, நோய் இருக்கக்கூடியவர்கள் 8.3 சதவீதம். அதாவது பத்துப் பேருக்கு இருந்தால் ஒருவருக்குத்தான் அது இன்னதென்று சொல்லப்பட்டிருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் மருத்துவரிடமே போகாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். பலர் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள், வேறு புகார்களோடு.

உடம்பின் பேரில்

கடலோரத்து கிளினிக் ஒன்றில் காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். “உடம்பு பூரா வலி சார்”, “நாக்குல ருசியே இல்ல”, “வயித்துக்குள்ள என்னமோ உருளுது”, “நெஞ்சை அடைக்கிற மாதிரி வருது.” மனசு சரியில்லை என்று எந்தப் பெரியவரும் பேச்சைத் தொடங்குவதில்லை. மனக்கஷ்டத்தை சாமியிடம், மாதாவிடம், அல்லாவிடம் சொல்வார்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது என்று அந்தத் தலைமுறைக்குத் தோன்றியதில்லை. ஊசி ஒன்று போடச் சொல்வார்கள், குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள். இரண்டு நாள் தெம்பாக இருக்கும். யாரோ தொட்டுப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அரைமணி நேரம் பக்கத்தில் இருந்ததாலேயே பாதித் தெம்பு வந்தது என்பது என் சந்தேகம். மூன்றாம் நாள் பழைய கதைதான்.

வலி பொய்யென்று சொல்ல வரவில்லை. மனச்சோர்வில் வலி கூடுதலாகத் தெரியும். தீராத மூட்டுவலியும் மனச்சோர்வைக் கொண்டுவரும். ஒன்று மற்றதை வளர்க்கும் என்பதால், “எல்லாம் மனசுதான்” என்று சொல்லி வலியைத் தள்ளிவிடும் மருத்துவர், வெறும் வலி மாத்திரை எழுதி அனுப்புகிறவரைப் போலவே பாதி வேலைதான் செய்கிறார்.

மருத்துவக் கணக்கு இதுதான். நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருக்க வேண்டும், அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போயிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். அதோடு தூக்கக் கோளாறு, பசி அல்லது எடையில் மாற்றம், அசதி, மந்தம் அல்லது பதைபதைப்பு, கவனம் நிற்காமை, தன்னைத் தானே குறைவாகவோ குற்றவாளியாகவோ நினைப்பது, சாவைப் பற்றிய எண்ணம். எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் விடாமல் இருக்க வேண்டும். பெரியவர்களில் பலரிடம் முதலாவது வெளியே தெரியவே தெரியாது. அழமாட்டார்கள். ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள்.

எதை விட்டார்?

ஆகவே “கவலையா இருக்கீங்களா?” என்று கேட்டுப் பிரயோசனமில்லை. “எனக்கென்னப்பா கவலை” என்றுதான் பதில் வரும். போன வருடம் இந்நேரம் செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்வதில்லை என்று பார்க்க வேண்டும். 1980களில் முதியோருக்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு கேள்வித்தாள் உண்டு. அதன் சுருக்க வடிவில் 15 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். வலி, பசி போன்ற உடம்புக் கேள்விகளை அதில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை, வயதான உடம்பில் அவை யாருக்கும் இருக்கும் என்பதால். அதன் இரண்டாவது கேள்வியே, செய்துகொண்டிருந்த வேலைகளையும் ஆர்வங்களையும் நிறைய விட்டுவிட்டீர்களா என்பதுதான். ஐந்துக்கு மேல் மதிப்பெண் வந்தால் மருத்துவர் முழுதாகப் பரிசோதிக்க வேண்டும்.

மண்டபம் பக்கம் ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். நாட்டுப்படகில் நாற்பது வருடம் போனவர், கடலுக்குப் போவதை நிறுத்தியபின்னும் சும்மா இருப்பதில்லை. வலையில் கிழிசல் பார்ப்பார். மகன் கரை ஏறும் நேரத்துக்குப் போய் நிற்பார். கச்சான் எப்போது ஓயும், வாடை எப்போது தொடங்கும் என்று நாலு பேரோடு பேசுவார். பிறகு கண்ணில் புரை விழுகிறது, வலைக்கண் தெரிவதில்லை, வலையைத் தொடுவது நிற்கிறது. அது கண்ணின் குறை. ஆனால் கரைக்குப் போவதும் அதோடு நின்றுபோகிறது. மகன் வீட்டுக்குள் நுழையும்போது “இன்னைக்குப் பாடு எப்டிப்பா?” என்று முப்பது வருடமாகக் கேட்ட கேள்வியும் நின்றுபோகிறது. கண் தெரியாவிட்டாலும் வாய் இருக்கிறதே, காது இருக்கிறதே, அது ஏன் நின்றது? நோயை அங்கேதான் தேட வேண்டும்.

தூக்கத்திலும் இந்தக் கரைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. விடியுமுன்னே விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் போவது மனச்சோர்வின் பேர்போன அடையாளம். ஆனால் வாழ்நாள் முழுக்க இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து கடலுக்குப் போனவரிடம் “எத்தனை மணிக்கு முழிப்பு வருது?” என்று கேட்டு என்ன தெரியப்போகிறது? முழித்தபின் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். டீ போட்டுக் குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து காற்றுப் பார்க்கிறாரா, அல்லது இருட்டில் விட்டத்தைப் பார்த்தபடி, செய்த தவறுகளையும் செய்யாமல் விட்டதையும் எண்ணிக்கொண்டு கிடக்கிறாரா? முதலாவது பழக்கம். இரண்டாவது நோய்.

பெண்களின் கதை வேறு. பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பக்கத்தில் கடற்பாசி எடுக்கப் போகிற பெண்களில் அறுபதைத் தொட்டவர்களும் உண்டு. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் முங்குகிறவர்கள். முட்டி தேய்ந்து அது நின்றுபோகும்போது வருமானத்தோடு கூட்டமும் போய்விடுகிறது. மருமகளைப் பற்றி, குடிக்கிற மகனைப் பற்றி, கடனைப் பற்றிப் பேசித் தீர்த்தது அந்தக் கூட்டத்தில்தான். சாயல்குடிப் பக்கம் ஓலைப்பெட்டி முடைகிற பெண்களுக்கும் அப்படியே. சோகத்துக்குப் பதிலாக எரிச்சல் முன்னால் வருவதும் உண்டு. பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்த அப்பத்தா, அதே பிள்ளையின் சத்தத்துக்கு எரிந்து விழுகிறாள். தலை வாருவதில்லை. வெற்றிலைப்பெட்டியைத் திறப்பதில்லை. வீட்டில் அதை “குணம் மாறிப்போச்சு” என்கிறார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் பிள்ளைகள் சபரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருக்கிற வீடுகளில் கண்காணிப்பதே போன்தான். ராத்திரி வீடியோ கால் வருகிறது. உம்மா முகம் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறார். “நல்லா இருக்கேன் வாப்பா, நீ சாப்புட்டியா?” ஐந்து நிமிடம் நன்றாக இருப்பது எல்லோராலும் முடியும், அதுவும் ரியாத்தில் இருக்கிற பிள்ளையைக் கவலைப்படுத்தக் கூடாது என்று நினைக்கிற தாயால் நிச்சயம் முடியும். அங்கிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. “சாப்பிட்டீங்களா?” என்று கேட்காமல் “இன்னைக்கு என்ன ஆணம்?” என்று, அதாவது என்ன குழம்பு என்று, கேளுங்கள். யார் வீட்டுக்கு வந்தார்கள், பக்கத்து வீட்டில் என்ன விசேஷம் என்று கேளுங்கள். நாலு நாளும் நேற்று வைத்த ஆணமே, யாரும் வரவில்லை, எங்கும் போகவில்லை என்று பதில் வந்தால், ஊரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டிய நேரம் அது.

மறதியா, சோர்வா?

குடும்பங்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மனச்சோர்வில் கவனம் நிற்காது, கவனம் நிற்காவிட்டால் நினைவும் நிற்காது. ஆகவே மறதிநோய் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்படுகிறவர்களில் குணப்படுத்தக்கூடிய சிலர் இருக்கிறார்கள்.

மருத்துவர்கள் பார்க்கும் வேறுபாடுகள் வீட்டாருக்கும் தெரிந்தால் நல்லது. மனச்சோர்வில் மறதி சில வாரங்களில், சில மாதங்களில் வரும். எப்போது தொடங்கியது என்று வீட்டார் சொல்ல முடியும். “எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல” என்று அவரே புலம்புவார். போன வாரம் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனீர்கள் என்று கேட்டால் யோசித்தும் பார்க்காமல் “தெரியல” என்பார். மறதிநோய் வருடக்கணக்கில் மெல்ல வருவது. அதில் புகார் வீட்டாருடையது, அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதே கேள்விக்கு ஏதோ ஒரு பேரைச் சொல்லி மழுப்பிவிடுவார். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. முதுமையில் முதல்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்குப் பின்னால் வரப்போகும் மறதிநோயின் முன்கட்டமாக இருப்பதால், குணமானபின்னும் நினைவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினால் அது இந்த இரண்டும் இல்லை. சிறுநீர்த் தொற்றோ, நுரையீரல் தொற்றோ, சோடியம் குறைந்ததோ இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்து எழுதுமுன் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைவு மூன்றும் மனச்சோர்வைப் போலவே வேடம் போடும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. “கை கால் வரலைன்னு கவலை” என்று அதை நியாயப்படுத்திவிட்டால், பயிற்சி செய்ய மனமில்லாமல் கை கால் வருவதும் தள்ளிப்போகும். உடம்பு வலிக்கென்று தொடங்கி நாள் தவறாமல் ஆகிவிட்ட குடியையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

துக்கத்தை இதோடு குழப்பக் கூடாது. கடல் ஆளைக் கொண்டுபோன வீடுகள் இந்தக் கரையில் எத்தனையோ. மகன் இலங்கைச் சிறையில் இருக்கும்போது தூக்கமில்லாமல் இருக்கிற தகப்பனுக்கு வியாதி என்று பேர் வைக்க முடியாது. துக்கத்தில் இருப்பவருக்கு நடுவில் ஒரு நல்ல நேரம் வரும், இறந்தவரைப் பற்றிச் சிரித்துப் பேச முடியும், தன் மதிப்பு குறைந்ததாகத் தோன்றாது. மாதங்கள் போனபின்னும் எந்த நேரமும் இருட்டாகவே இருந்து, “நான் இருந்தே பிரயோசனம் இல்ல” என்ற பேச்சும் சேர்ந்தால் அது துக்கத்தைத் தாண்டிவிட்டது. பயம் இன்னொன்று. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டியிருக்கும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் அவர் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை. புயல் கடந்து ஒரு மாதமாகியும் அப்படியே உட்கார்ந்திருந்தால்தான் பார்க்க வேண்டும்.

“போய்ச் சேந்துட்டா நல்லது”

இது நம் ஊரில் வாய்ப்பழக்கமாகவே சொல்வது. பாதிப் பேர் சும்மா சொல்கிறார்கள். யார் சும்மா சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள நேராகக் கேட்பதே வழி. “உயிரை விட்டுடலாம்னு தோணுதா அப்பா?” என்று கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதில் வைத்திருந்தவருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். சோற்றையும் சர்க்கரை மாத்திரையையும் வேண்டுமென்றே நிறுத்துவது, இருக்கிற நகையைத் திடீரென்று பிரித்துக் கொடுப்பது, வெகுநாள் கலங்கியிருந்தவர் காரணமில்லாமல் ஒரேயடியாக அமைதியாகிவிடுவது, இவற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது. அப்படித் தோன்றினால் அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டு அரசின் 104க்கும் கூப்பிடலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிரை விட முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. யாரையும் சங்கிலியில் கட்டுவதையும் அதே சட்டம் தடைசெய்கிறது.

மாத்திரையும் மற்றதும்

மனச்சோர்வு மாத்திரை என்றால் போதை, ஒருமுறை தொட்டால் விடாது என்ற பயம் ஊரில் பலமாக இருக்கிறது. அந்தப் பயம் தவறான மாத்திரைமேல் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை போதை தருவதில்லை. பழக்கமாகிவிடுவது, யாரும் பயப்படாமல் வருடக்கணக்கில் போட்டுக்கொள்ளும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள்தான். அவை வயதானவர்களை நிலைதடுமாறி விழவைக்கும், இடுப்பெலும்பை முறிக்கும், மறதியைக் கூட்டும். அதற்காக ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது, மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் என்ற பழைய மருந்து மலிவு. ஆனால் பெரியவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் எல்லாம் கொண்டுவரக்கூடியது.

புதிய மாத்திரைகளிலும் ஒரு கண் வைக்க வேண்டும். முதல் சில வாரங்களில் வயதானவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம். பிரஷருக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். புது மாத்திரை தொடங்கியபின் தலைசுற்றல், தள்ளாட்டம், குழப்பம், அதிகத் தூக்கம் வந்தால், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல், அல்லது சோற்றில் உப்பை அள்ளிப் போடாமல், இரத்தம் பார்க்க வேண்டும். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரலாம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும், மருந்துக்கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சீட்டைவிட அந்தப் பை அதிகம் சொல்லும். சாப்பிடவே மறுத்து உடம்பு இறங்கிப்போனவர்களுக்கு மின்சிகிச்சை தேவைப்படலாம். சினிமா காட்டியதுபோல் அல்லாமல் மயக்க மருந்து கொடுத்துச் செய்வது அது, கடுமையான முதியோர் மனச்சோர்வில் நன்றாகப் பலன் தருவதும்கூட.

மருந்தில்லாத பாதியைக் குடும்பம்தான் செய்ய வேண்டும். “தைரியமா இருங்க”, “வாக்கிங் போங்க” என்ற இரண்டையும் விட்டுவிடலாம். மனம் வந்தபின் வேலை செய்வோம் என்று காத்திருந்தால் மனம் வராது, சின்ன வேலை ஒன்றைத் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. அந்த வேலை பொய்யாக இருக்கக் கூடாது. ஏலக்கூடத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, இன்றைக்கு நண்டு என்ன விலைக்குப் போனது என்று கேட்டு வரச் சொல்லலாம். வேளையும் சொல்ல வேண்டும்: தினமும் காலை ஏழு மணி என்று. கண்புரைக்கு அறுவைசிகிச்சை, காதுக்குக் கருவி, இரண்டும் மனச்சோர்வு வைத்தியத்தின் பகுதிதான்.

இதற்கு எல்லா ஊரிலும் மனநல மருத்துவர் வேண்டும் என்றில்லை. கோவாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், லேசான அறிகுறிகள் மட்டும் தெரிந்த 181 முதியவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் போய், சிக்கல்களைப் பிரித்து யோசிக்கவும், தூக்கத்தைச் சீராக்கவும், சர்க்கரை போன்றவற்றைக் கவனித்துக்கொள்ளவும், அரசு உதவிகளைப் பெறவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பிரிவில் 4 பேருக்கும் மற்றதில் 13 பேருக்கும் நோய் முற்றியது. நம்மிடம் ஆட்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலாவது நாட்டம் குறைந்ததா, மனம் சோர்ந்திருந்ததா என்று இரண்டே கேள்வி அவர்கள் கையில் இருந்தால், கிளினிக்கில் நழுவுகிற பலர் அங்கே அகப்படுவார்கள் என்பது என் கணிப்பு.

மாத்திரை வேலைசெய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், பெரியவர்களுக்கு எட்டு வாரம்கூட ஆகலாம். பத்தாம் நாள் “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்திவிடுவதால் வீணாகும் வைத்தியம்தான் அதிகம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம் தொடர வேண்டும். விசைப்படகுக் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஆண்பிள்ளைகள் கரையில் இருக்கிறார்கள். கையில் காசில்லாத காலம் என்பதால் “சும்மா உக்காந்து தின்கிறேன்” என்ற எண்ணம் பெரியவர்களுக்கு அப்போதுதான் அதிகம் வரும். அவசரமான நிலையில் யாரும் ஏப்ரலுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் இத்தனை நாள் தள்ளிப்போட்ட வீடுகள் தடை தொடங்கும் வாரத்தில் முதல்முறை கூட்டிப்போனால், மருந்து கேட்கிறதா இல்லையா என்று தெரியும்வரை மகன் கூடவே இருக்க முடியும். அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசு வேண்டியதில்லை. படகு கடலில் இறங்கிய பிறகு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மகளா, மருமகளா, பேரனா என்பதை மட்டும் ஜூன் 14க்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.